பழைய பார்ட்ஸ், புதிய விளையாட்டு: கும்பெய் யோகோய் வாழ்க்கை

(மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



ஆண்டு மலர் என்றால் அதில் எடிசன் வருவார், சர் சி.வி. ராமன் வருவார், நம்ம கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு வருவார். எல்லோரும் வரவேண்டியவர்கள்தான். ஆனால் நம்மில் பலருடைய கட்டை விரல் தினமும் தேய்ந்துகொண்டிருக்கும் ஒரு சமாச்சாரத்துக்குப் பின்னால் நிற்கிற மனிதரைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அவர் பெயர் கும்பெய் யோகோய். ஜப்பான்காரர். இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வீடியோ கேம் உலகத்தில் அவர் பெயர் தெரியாதவர் கிடையாது. நம்ம பக்கம்தான் அவர் செய்த பொருளைத் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரியாது.

விடுதியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டு சண்டை ஓயாமல் நடக்கும். ஒன்று, காசு சேர்த்து வாங்கினால் எந்த கன்சோலை வாங்குவது, பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, நின்டெண்டோவா என்பது. இரண்டாவது, துப்பாக்கி ஆட்டத்தில் நடுநடுவே கையைக் கட்டிப் போட்டுவிட்டு சினிமா மாதிரி ஓடுகிறதே அந்தக் கட்-சீன், அது வேணுமா, வேணாமா என்பது. ஒருத்தன் அதுதான் உயிர் என்பான். இன்னொருத்தன் வந்தவுடனே பட்டனைத் தட்டித் தள்ளிவிடுவான். இந்த இரண்டு சண்டைக்கும் யோகோயின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், டிப்ளமோ படிக்கிற நமக்கு அந்த வாழ்க்கையில் ஒரு தைரியம் இருக்கிறது.

சீட்டுக்கட்டுக் கம்பெனியில் ஒரு மெயின்டனன்ஸ் ஆள்

யோகோய் 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் கியோட்டோ நகரத்தில் பிறந்தார். அதே ஊரில் இருக்கும் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். பெரிய பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் 1965-இல் உள்ளூரிலேயே ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனியின் பெயர் நின்டெண்டோ.

நின்டெண்டோ என்றவுடன் மரியோவை நினைக்காதீர்கள். 1889-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி அப்போது செய்துகொண்டிருந்தது சீட்டுக்கட்டு! ஹனஃபுதா என்ற பூப்போட்ட ஜப்பானியச் சீட்டு. அதை அச்சடித்து வெட்டும் மெஷின்கள் ஓடுகிறதா, பழுதா என்று பார்த்துக்கொள்வதுதான் யோகோயின் வேலை. சுத்தமான மெயின்டனன்ஸ் வேலை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். நம்மில் நிறையப் பேர் வீட்டிலேயே முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். டிப்ளமோ முடித்தால் மெயின்டனன்ஸ்தானே என்று ஊரில் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது ஒரு இளக்காரம் இருக்கும். ஆனால் எங்க கரடியூர்ப் பக்கம் காபி எஸ்டேட்டுகளில் பழம் பறிக்கிற சீசனில் பல்பர் மெஷின் நின்றுபோனால் என்ன ஆகும் தெரியுமா? அன்றைக்குப் பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு புளித்து விலை போய்விடும். அந்த நேரத்தில் பழைய பேரிங், பழைய பெல்ட் எதையோ பொருத்தி மெஷினை ஓட வைக்கிறவர்தான் எஸ்டேட்டுக்கே பெரிய மனுஷர். யோகோயும் அந்த ஜாதி. இருக்கிற சாமானை வைத்துக் காரியம் பார்க்கிற ஜாதி!

கையில் வந்த அதிர்ஷ்டம்

மெஷின் ஒழுங்காக ஓடினால் மெயின்டனன்ஸ் ஆளுக்கு வேலை இருக்காது. யோகோய் சும்மா இருக்கமாட்டார். கம்பெனி லேத்தில் எதையாவது கடைந்துகொண்டிருப்பார். அப்படி ஒருநாள் ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். கடைவாசலில் இழுத்து மூடுகிற மடக்குக் கதவு இருக்கிறதல்லவா, குறுக்கும் நெடுக்கும் பட்டைகள் சேர்ந்து நீளுமே, சுருங்குமே, அதே தத்துவம். இந்தப் பக்கம் கைப்பிடியை அழுத்தினால் அந்தப் பக்கம் கை நீண்டு போய்ப் பொருளைப் பிடிக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி ஃபேக்டரிக்குள் வந்துவிட்டார். வேலை நேரத்தில் விளையாடுகிற ஆளைப் பார்த்தும்விட்டார். கூப்பிட்டு அனுப்பினார். சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் யோகோய் போயிருப்பார். யமவுச்சி திட்டவில்லை. இதையே விற்பனைக்குச் செய் என்றார். 1966-இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. மெயின்டனன்ஸ் ஆள் விளையாட்டுப் பொருள் வடிவமைப்பாளர் ஆகிவிட்டார்.

பிறகு வரிசையாக வந்தன. பந்தை எறியும் அல்ட்ரா மெஷின். இரண்டு பேர் கைகோத்துப் பிடித்தால் அவர்கள் காதலை அளக்கும் லவ் டெஸ்டர் (1969). இந்த லவ் டெஸ்டர் உள்ளே என்ன பெரிய வித்தை என்கிறீர்கள்? உடம்பு வழியாக ஓடும் சிறு மின்சாரத்தை அளக்கும் கால்வனோமீட்டர்! நம்ம முதலாண்டு லேபில் தூசி படிந்து கிடக்கும் அதே சாமான். ஒரு பையனும் பெண்ணும் வெட்கப்படாமல் கையைப் பிடிப்பதற்கு அதை ஒரு சாக்காக மாற்றினாரே, அங்கேதான் மூளை இருக்கிறது.

துப்பாக்கியும் சினிமாவும்

இப்போது நம்ம ஷூட்டர் சண்டைக்கு வருவோம்.

ஏற்காடு கோடை விழாவுக்கு வந்தவர்கள் பலூன் சுடும் கடையைப் பார்த்திருப்பீர்கள். ஏர் கன், ஒரு பலகை, அதில் வரிசையாய்ப் பலூன். யோகோய் 1970-இல் அந்த விளையாட்டைக் குண்டே இல்லாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஷார்ப் கம்பெனிக்காக சூரிய மின்கலம் விற்க வந்தவர் மசாயுகி உவெமுரா. அந்த மின்கலத்தைப் பார்த்தவுடன் யோகோய்க்கு யோசனை ஓடியது. துப்பாக்கியில் ஒரு சிறு விளக்கு. இலக்கில் ஒரு மின்கலம். குறி தப்பாமல் வெளிச்சம் பட்டால் மின்கலத்தில் மின்சாரம் பிறக்கும், அது உள்ளேயுள்ள பூட்டை விடுவிக்கும், பொம்மை பாட்டில் சிதறி விழும். சென்சார் என்று நாம் இன்றைக்குப் பாடமாகப் படிப்பதை அவர் பொம்மையில் விற்றார். அந்த உவெமுராதான் பின்னாளில் நின்டெண்டோவில் சேர்ந்து 1983-இல் ஃபேமிகாம் கன்சோலை உருவாக்கியவர்.

அடுத்து 1973-இல் லேசர் கிளே ஷூட்டிங். ஜப்பானில் பௌலிங் மோகம் தணிந்து அரங்கங்கள் காலியாகக் கிடந்தன. அந்த அரங்கங்களையே ஒளித்துப்பாக்கி சுடும் இடமாக மாற்றுகிற திட்டம் அது. ஆரம்பத்தில் ஆர்டர் குவிந்தது. ஆனால் அதே வருஷம் எண்ணெய் நெருக்கடி வந்து எல்லோரும் ஆர்டரை ரத்து செய்தார்கள். கம்பெனி கடனில் மூழ்கியது.

அதிலிருந்து மீள்வதற்குச் செலவைக் குறைத்துச் செய்த மெஷின்களில் ஒன்றுதான் 1974-இல் வந்த வைல்டு கன்மேன். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அப்போது நிஜ மனிதரைப் போலக் காட்டும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கிடையாது. யோகோய் என்ன செய்தார்? நிஜ நடிகர்களை கௌபாய் வேஷத்தில் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் படம் எடுத்து, புரொஜெக்டரில் ஓட்டினார். திரையில் ஒருவன் வந்து நிற்பான். முறைப்பான். அவன் கண்ணில் மின்னல் அடித்த கணத்தில் நாம் துப்பாக்கியை உருவிச் சுட வேண்டும். சரியாகச் சுட்டால் அவன் விழுகிற படம் ஓடும். தாமதித்தால் அவன் நம்மைச் சுடுகிற படம் ஓடும்.

கவனியுங்கள். துப்பாக்கி ஆட்டத்தில் சினிமாக் காட்சி என்பது பிளேஸ்டேஷன் வந்தபிறகு வந்தது அல்ல. 1974-லேயே வந்துவிட்டது! ஆனால் இன்றைய கட்-சீனுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இன்றைக்குப் பல ஆட்டங்களில் ஆட்டம் நின்று படம் ஓடும். வைல்டு கன்மேனில் படம்தான் ஆட்டம். எந்தப் படம் அடுத்து ஓடவேண்டும் என்பது நம்ம விரலில் இருந்தது.

ரயிலில் ஒரு கால்குலேட்டர்

1970-களில் ஷார்ப்பும் கேசியோவும் போட்டி போட்டு கால்குலேட்டர் செய்ததில் எல்.சி.டி. திரையும் சின்னச் சின்ன சிப்பும் மலிவாகிப் போயின. ஒருநாள் ஷின்கான்சென் ரயிலில் போகும்போது, அலுப்புத் தட்டிய ஒருவர் கால்குலேட்டர் பட்டன்களைச் சும்மா தட்டி விளையாடிக்கொண்டிருப்பதை யோகோய் பார்த்தார். நேரம் போகாத பெரியவர்களுக்குக் கையடக்கமாய், அடுத்தவருக்குத் தெரியாமல் விளையாட ஒரு சாமான் செய்தால் என்ன?

பிறகு ஒருநாள் தலைவரின் கார் ஓட்டுநர் வரவில்லை. யோகோய்தான் காரை ஓட்டினார். போகிற வழியில் இந்த யோசனையைச் சொன்னார். அன்றைக்குத் தலைவர் போன கூட்டத்தில் ஷார்ப் கம்பெனித் தலைவரும் இருந்தார். காரியம் முடிந்தது. 1980 ஏப்ரலில் கேம் அண்ட் வாட்ச் பிறந்தது. ஒரு ஆட்டம், ஒரு கடிகாரம், சின்ன பட்டன் செல். அவ்வளவுதான். மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றது.

1982-இல் டாங்கி காங் ஆட்டத்தை இந்தச் சின்னப் பெட்டிக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. டப்பா போல மடக்கும் பெட்டியில் ஜாய்ஸ்டிக் குச்சியை வைத்தால் மூடவே முடியாது. யோகோய் குச்சியை எடுத்துவிட்டு, கூட்டல் குறி வடிவத்தில் ஒரே பட்டன் வைத்தார். நடுவில் ஒரு முனை, அதன்மேல் பட்டன் சாயும், கீழே நான்கு காண்டாக்ட். பார்க்காமலேயே விரலுக்குத் திசை தெரியும். நம்ம ஊரில் 90-களில் டிவியில் மாட்டி விளையாடிய டூப்ளிகேட் வீடியோ கேம் முதல் இன்றைய கன்ட்ரோலர்கள் வரை இடது கட்டை விரலுக்குக் கீழே இருப்பது அந்தப் பட்டனின் வாரிசுதான்.

கதை வந்த கதை

டாங்கி காங் முதலில் 1981-இல் ஆர்கேட் ஆட்டமாக வந்தது. ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் அந்தப் பொறுப்பு போனது. மேற்பார்வை யோகோய். தொடங்கும்போதே ஒரு சின்னக் காட்சி: குரங்கு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறும், குதிக்கும், நேராக இருந்த இரும்புத் தளங்கள் வளைந்து போகும். சில வினாடிதான். ஆனால் யார் நல்லவன், யார் கெட்டவன், எங்கே போகணும், தளம் ஏன் சாய்வாய் இருக்கு, எல்லாம் புரிந்துவிடும். ஒரு வரி எழுத்து கிடையாது. முந்தின வருஷம் வந்த பேக்-மேனிலும் நடுவே சின்னச் சின்ன வேடிக்கைக் காட்சிகள் உண்டு. ஆனால் அங்கே அது ஓய்வு. இங்கே அது கதை.

1986 ஆகஸ்டில் யோகோயின் பிரிவிலிருந்து மெட்ராய்டு வந்தது. தயாரிப்பாளர் யோகோய், இயக்கியவர் சதோரு ஒக்காடா. கவசம் அணிந்த வீரர் சாமஸ், கையே துப்பாக்கி, வேற்றுக் கிரகத்தின் குகைகள். ஆட்டத்துக்கு நடுவே யாரும் வந்து கதை சொல்வதில்லை. தனியாக இருட்டில் அலைகிற பயம்தான் கதை. சீக்கிரமாக முடித்துவிட்டால் கடைசியில் கவசம் கழன்று, சாமஸ் ஒரு பெண் என்று தெரியும். அத்தனை நேரமும் ஆண் என்று நினைத்து ஆடிய பையன்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

1991-இல் கேம் பாயில் மெட்ராய்டு இரண்டாம் பாகம். கறுப்பு வெள்ளைத் திரையில் கவசத்தின் நிறம் மாறினால் தெரியாது. அதனால் சக்தி கூடிய கவசத்துக்குப் பெரிய உருண்டைத் தோள்கள் வைத்தார்கள். குறை ஒரு வடிவம் ஆயிற்று. அந்தத் தோள்கள் இன்றுவரை சாமஸின் அடையாளம். அந்த ஆட்டத்தின் முடிவைப் பாருங்கள். எல்லா மெட்ராய்டு ஜந்துக்களையும் கொல்லத்தான் வருகிறோம். கடைசி முட்டை ஒன்று பொரிந்து குட்டி வெளியே வரும். நம்மைத் தாய் என்று நினைத்துப் பின்னாலேயே வரும். சுடுவதற்கு எதுவும் இல்லாமல் அந்தக் குட்டியோடு நடந்து மேலேறிப் போக வேண்டும். அது கட்-சீன் அல்ல. பட்டன் நம்ம கையில்தான் இருக்கிறது. ஆனாலும் துப்பாக்கி தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

யோகோய் பொது மேலாளராக இருந்து 1994-இல் வந்த சூப்பர் மெட்ராய்டில் இரண்டையும் கலந்தார்கள். இயக்கம் யோஷியோ சகமோட்டோ. தொடக்கத்தில் பழைய கதையைச் சொல்ல ஒரு முறையான கட்-சீன் உண்டு. ஆனால் உச்சகட்டத்தில், கடைசிச் சண்டையின் நடுவிலேயே அந்தக் குட்டி வளர்ந்து வந்து நமக்காக உயிரை விடுகிறது. கட்டுப்பாடு சில வினாடிதான் நம்மைவிட்டுப் போகிறது, திரும்பி வரும்போது கையில் புது ஆயுதம், மனதில் கோபம். அடுத்த வினாடி அந்தக் கோபத்தைப் பயன்படுத்த ஆட்டம் விடுகிறது.

ஆகவே கட்-சீன் வேணுமா வேணாமா என்பது கேள்வியே அல்ல. எதற்கு என்பதுதான் கேள்வி. எங்கே போகணும், ஏன் போகணும் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் விலகினால் நல்லது. ஆடுகிறவன் செய்யவேண்டிய வேலையை அவன் சார்பாகப் படமே செய்துவிட்டால், அப்புறம் அவன் எதற்கு? நம்ம ஆள் துப்பாக்கியைத் தூக்கி வில்லனைச் சுடுகிற முக்கியமான கட்டத்தில் படம் ஓட, நாம் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு முறுக்குச் சாப்பிடுவது என்ன ஷூட்டர்? 1998-இல் அமெரிக்காவில் வந்த ஹாஃப்-லைஃப் கிட்டத்தட்ட முழுக் கதையையும் ஆடுகிறவர் கண்வழியாகவே நடத்தியபோது உலகமே பாராட்டியது. அந்தப் பாதையில் மெட்ராய்டு அதற்கு முன்பே நடந்துவிட்டது.

கேம் பாய்: எந்த மெஷினை வாங்குவது?

1989 ஏப்ரல் 21. கேம் பாய் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 12,500 யென். பச்சை கலந்த சாம்பல் திரை, நான்கே அளவு கறுப்பு, சுமார் 4 மெகாஹெர்ட்ஸ் சிப், 4 பேட்டரி. அதே வருஷம் அமெரிக்காவில் அட்டாரி லிங்க்ஸ் வந்தது. அதில் கலர் திரை, உள்ளிருந்து வெளிச்சம். அடுத்த வருஷம் சேகாவின் கேம் கியர், அதுவும் கலர். காகிதத்தில் பார்த்தால் கேம் பாய் தோற்க வேண்டும். ஆனால் என்ன நடந்தது?

லிங்க்ஸும் கேம் கியரும் 6 பேட்டரி கேட்டன, சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டன. கேம் பாய் 4 பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அமெரிக்காவில் லிங்க்ஸ் சுமார் 180 டாலர், கேம் பாய் சுமார் 90 டாலர். சரியாகப் பாதி! கூடவே டெட்ரிஸ் ஆட்டம் இலவசம். கீழே விழுந்தாலும் உடையாத உடம்பு. பின்னால் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. மற்ற இரண்டும் காட்சிப் பொருள் ஆகிவிட்டன.

இது சும்மா கிடைத்த வெற்றி அல்ல. முதலில் தேர்ந்தெடுத்த திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. தலைவர் கோபப்பட்டார். உற்பத்திக்கு எல்லாம் தயார் ஆகிவிட்ட நேரம். யோகோய்க்குச் சோறு இறங்கவில்லை. பிறகு வேறு வகை எல்.சி.டி.க்கு மாறித்தான் தப்பித்தார்கள். இதில் ஒக்காடா போன்ற இளம் பொறியாளர்களின் உழைப்பும் பெரிது. கேம் பாய் ஒருத்தர் சாதனை அல்ல, ஒரு குழுவின் சாதனை.

இதற்கெல்லாம் அடிப்படையாக யோகோய் ஒரு கொள்கை வைத்திருந்தார். அதைத் தமிழில் சொன்னால், பட்டுப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது. பட்டுப்போன என்றால் செத்துப்போன என்று பொருள் அல்ல. எல்லோருக்கும் பழகி, விலை இறங்கி, குறைகள் எல்லாம் தெரிந்துவிட்ட தொழில்நுட்பம். பக்கவாட்டில் என்றால் அதை யாரும் நினைக்காத வேறு வேலைக்குப் பயன்படுத்துவது. கால்குலேட்டர் திரை விளையாட்டானது அப்படித்தான். சூரிய மின்கலம் இலக்குப் பலகை ஆனதும் அப்படித்தான்.

ஆகவே கன்சோல் வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு யோகோய் வழியில் நான்கு கேள்விகள்:

1. இது எனக்கு எங்கே, எத்தனை மணி நேரம் ஓடும்? மழைக்காலத்தில் மரம் விழுந்து மலைமேல் கரண்ட் போனால், டிவியோடு சேர்ந்து ஓடுகிற பெரிய கன்சோல் வெறும் பெட்டி.

2. இதற்கு நான் ஆட ஆசைப்படும் ஆட்டங்கள் இருக்கிறதா? சிப் வேகத்தை யாரும் விளையாட முடியாது. கேம் பாயை விற்றது டெட்ரிஸ்.

3. விலை மெஷினோடு முடிகிறதா? ஆட்டம், பேட்டரி, சந்தா எல்லாம் கூட்டினால் எவ்வளவு?

4. கெட்டுப்போனால் நம்ம சேலத்திலேயே சரி செய்ய முடியுமா?

இந்த நான்குக்கும் பதில் எழுதிப் பார்த்தால், போன தலைமுறை மெஷினைச் செகண்ட்-ஹேண்டில் வாங்குவது பல பேருக்கு உத்தமம் என்று தெரியும். 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்கூட 2015-லேயே வெளிவந்துவிட்ட சிப்பை வைத்துக்கொண்டுதான் 15 கோடிக்கு மேல் விற்றது. யோகோயின் ஆவி அந்தக் கம்பெனியை விட்டுப் போகவில்லை.

சிவப்புத் திரை

எல்லாமே வெற்றி என்றால் அது வாழ்க்கை வரலாறு இல்லை, விளம்பரம். 1995 ஜூலையில் யோகோய் விர்ச்சுவல் பாய் என்ற மெஷினைக் கொண்டுவந்தார். கண்ணை உள்ளே வைத்துப் பார்த்தால் ஆழம் தெரியும். அதிர்கிற கண்ணாடி ஒன்று, ஒரு வரிசை சிவப்பு எல்.ஈ.டி.யின் வெளிச்சத்தைக் கண் முன்னால் முழுப் படமாக விரிக்கும். ஏன் சிவப்பு மட்டும்? நல்ல நீல எல்.ஈ.டி. அப்போதுதான் பிறந்திருந்தது, விலை எட்டாது. சிவப்புதான் மலிவு, மின்சாரமும் குறைவு. பழைய கொள்கை இங்கேயும் இருந்தது.

ஆனால் இந்தத் தடவை கணக்குத் தப்பியது. கையில் எடுத்துப் போகவும் முடியாது, தலையில் மாட்டவும் முடியாது. மேசையில் வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். கண் வலித்தது. பக்கத்தில் இருப்பவருக்கு நாம் என்ன ஆடுகிறோம் என்றே தெரியாது. சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம் விற்றதோடு ஒரு வருஷத்துக்குள் நின்றுபோனது. மலிவான பார்ட்ஸ் என்பது பாதிக் கொள்கைதான். மனுஷனுக்கு வசதியாக இருக்கணும் என்பது மறு பாதி. கேம் பாயில் இரண்டும் இருந்தன. இதில் ஒன்றுதான் இருந்தது.

1996 ஆகஸ்டில் யோகோய் நின்டெண்டோவை விட்டு விலகினார். 31 வருஷ சர்வீஸ். தோல்வியால் துரத்திவிட்டார்கள் என்று ஊர் பேசியது. சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்ததாக அவர் எழுதினார். ஒன்று மட்டும் உறுதி. விர்ச்சுவல் பாய் விழுந்தவுடன் அவர் ஓடிவிடவில்லை. 2 பேட்டரியில் ஓடும் ஒல்லியான கேம் பாய் பாக்கெட் 1996 ஜூலையில் கடைக்கு வந்த பிறகுதான் போனார். தலை நிமிர்ந்து போனார்.

அகால மரணம்

கியோட்டோவில் கோட்டோ லேபரட்டரி என்ற சிறு நிறுவனம் தொடங்கினார். பண்டாய் கம்பெனிக்காகப் புதிய கைக்கன்சோலுக்கு வேலை நடந்தது. 1997 அக்டோபர் 4-ஆம் தேதி ஹொகுரிகு விரைவுச் சாலையில் அவர் போன கார் முன்னால் போன வண்டியில் லேசாக மோதியது. சேதம் என்ன என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவரை அடித்துவிட்டது. வயது 56. வாழ்நாள் எல்லாம் பழுது பார்த்த மனிதர், பழுது பார்க்க இறங்கிய இடத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அவர் தொடங்கிய மெஷின் 1999 மார்ச்சில் வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் வந்தது. விலை 4,800 யென். ஒரே ஒரு பேட்டரியில் முப்பது மணி நேரம் ஓடும்! அதோடு வந்த புதிர் ஆட்டத்துக்கு அவர் நினைவாக கும்பெய் என்றே பெயர் வைத்தார்கள்.

நண்பர்களே, நம்ம லேபில் இருக்கும் ஆசிலோஸ்கோப் பழசு, சிலபஸில் வரும் மைக்ரோபிராசஸர் பழசு என்று நாமெல்லாம் குறை சொல்கிறோம். குறை சொல்லலாம், கேட்டு வாங்கவும் வேண்டும். ஆனால் வரும்வரை கையைக் கட்டி நிற்க வேண்டாம். கேம் பாய் சிப் நாம் படிக்கும் 8085-க்குக் கிட்டத்துச் சொந்தக்காரன். அந்தச் சிப்பை வைத்துத்தான் ஒருத்தர் உலகத்தின் ரயில்களிலும் படுக்கைகளிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் கோடிக்கணக்கான பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். அடுத்த செமஸ்டர் புராஜெக்டுக்குக் கடையில் கிட் வாங்குவதற்கு முன்னால், லேப் அலமாரியின் கீழ்த் தட்டை ஒரு தடவை திறந்து பாருங்கள். அங்கே பட்டுப்போனது என்று ஒதுக்கிய எத்தனையோ சாமான்கள், பக்கவாட்டில் யோசிக்கிற ஒரு ஆளுக்காகக் காத்துக்கிடக்கின்றன.